சிவப்புத் தொட்டியில் புதுப் போல்ட்டுகள்

என்னுடைய முத்திரையின் எண் பதினேழு. விரல் நுனி அளவு இரும்புத் துண்டு. இருபது வருடங்களுக்கு மேலாக என் காற்சட்டைப் பையில் வீட்டுச் சாவியோடு கிடந்தது. ஒரு புரொப்பெல்லர் எங்கள் பட்டறையை விட்டு வெளியே போகுமுன் அதன் தாளில் அந்த எண் விழவேண்டும். விழுந்தால், இதை நான் என் கண்ணால் பார்த்தேன், இது பறக்கலாம் என்று பொருள். ஓய்வுபெற்ற அன்று அதைத் திரும்பக் கொடுத்தபோது மேலாளர் கைகுலுக்கி, உன் முத்திரையில் ஒரு கறைகூட இல்லை என்றார். அவர் வேலைக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. பாவம், அவருக்கு என்ன தெரியும்.

லண்டனில் சட்டன் பக்கத்தில் விமான வேலையில் இருக்கும் நம் ஆட்கள் சிலர், புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். சாதித்த கதைகளை எதிர்பார்த்துத்தான் கேட்டிருப்பார்கள். என்னிடம் அப்படி அதிகம் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டையும் என் மனைவி நம்பமாட்டாள். எதை எவ்வளவு முறுக்கவேண்டும், எதற்கு எந்த எண்ணெய் என்பதெல்லாம் கைநூலில் இருக்கிறது. என்னைவிட அது நன்றாகச் சொல்லும். கைநூலில் இல்லாத ஒரு விஷயத்தை எழுதுகிறேன். எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் முள்ளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் குரொய்டனுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். சிறு விமானங்களின் புரொப்பெல்லர்களைப் பிரித்துப் பூட்டும் இடம். பெரும்பாலும் கோணம் மாறும் பிளேட்டுகள் கொண்டவை. விமானி ஒரு சுற்று வேகத்தை வைத்துவிட்டால் போதும். கவர்னர் என்ற ஒரு சின்னக் கருவி எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, பிளேட்டுகளைத் திருப்பித் திருப்பி அந்த வேகத்தை அப்படியே வைத்திருக்கும். விமானம் ஏறினாலும் இறங்கினாலும் சுற்று வேகம் காட்டும் முள் அசையாது.

நான் சேர்ந்த வருடம் ஒரு புரொப்பெல்லர் வாழைப்பழத் தோல் மாதிரி வளைந்து வந்து சேர்ந்தது. விமானி ஒரு வயலில் இறக்கியிருந்தார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரே நேரில் வந்து, எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது, முள் கடைசிவரை விழவில்லை, புரொப்பெல்லரில்தான் கோளாறு என்று சத்தம் போட்டார். உண்மையில் கார்புரேட்டரில் பனி கட்டியிருந்தது. எஞ்சின் கால் மணி நேரமாகச் செத்துக்கொண்டிருந்தது. அது சோரச் சோர, கவர்னர் பிளேட்டுகளைத் தட்டையாக்கிச் சுமையைக் குறைத்து, அதே வேகத்தில் சுற்றவைத்துக்கொண்டிருந்தது. திருப்புவதற்கு இனி இடமில்லை என்று வந்தபோதுதான் முள் விழுந்தது. அதற்குள் அவருக்குக் கீழே வயல்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு முள், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது, அது முழு நேரமும் இறங்கிக்கொண்டே இருந்திருக்கும். அவர் அதைப் பார்க்கவில்லை.

எங்கள் போர்மன், பட்டறை மேற்பார்வையாளர், ஒரு வெல்ஷ்காரர். வாயைத் திறந்தால் வானிலையைத் திட்டுவார், இல்லாவிட்டால் பேசமாட்டார். அன்றைக்கு அந்த விமானி போன பிறகு என்னிடம் சொன்னார்: "முள் பொய் சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது." எனக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டுக்குப் போய் அந்த விமானியை நினைத்துச் சிரித்தபடி மனைவிக்கும் சொன்னேன். கேட்டு ரசித்ததோடு சரி, விளங்கிக்கொள்ளவில்லை என்பது பிறகு தெரிந்தது.

பஞ்சலிங்கம் எனக்கு இரண்டு வருடம் கழித்து வந்தார். ஊரில் சிமெந்து ஆலையில் பிற்றர், இயந்திரம் பூட்டுகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆகவே பஞ்சண்ணை. வேலையில் நான் பரிசோதகன், அவர் பூட்டுகிறவர். அவர் பூட்டியதை நான் பார்த்து முத்திரை குத்தவேண்டும். மனைவியும் மகளும் மூத்த மகனும் ஊரில். இவர் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறையில் இருந்தார். இங்கே தங்குவதற்கான பேப்பர் சரிவந்ததும் மூன்று பேரையும் கூப்பிடுவது என்பது அவருடைய திட்டம். முதலில் மூத்தவன். அவனுக்குப் பத்தொன்பது வயது. அவனுக்கென்று ஒரு குளிர்ச் சட்டைகூட வாங்கி, கடதாசி பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தார்.

அவருடைய கைக்கு ஒரு வேகம் இருந்தது. திங்கள் காலையில் எப்படியோ வெள்ளி பின்னேரமும் அப்படியே. அவசரமும் இல்லை, சுணக்கமும் இல்லை. பஞ்சண்ணைக்குள்ளே ஒரு கவர்னர் இருக்கிறது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவர் பூட்டியதில் நான் பிழை கண்டுபிடித்ததில்லை. நான்கு வருடம் பார்த்துப் பார்த்து ஒன்றும் இல்லாமல் போனதால், பார்ப்பது எனக்கு ஒரு சடங்கு ஆகிவிட்டது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பிளேட்டுகளை நடுவில் பிடித்துவைத்திருக்கும் கவ்விகளுக்கு ஆறு போல்ட்டுகள். ஒவ்வொரு முறையும் பழையவற்றைக் கழற்றிப் புதியவை போடவேண்டும். பழையவை பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் ஆயுள் முடிந்தது. யாரும் மறதியாகத் திரும்பப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, கழற்றியவற்றை இரும்பு அறுக்கும் வாளால் இரண்டாக அறுத்துச் சிவப்புத் தொட்டியில் போடுவது விதி. நாங்கள் எல்லாரும் அலுப்போடு செய்கிற வேலை அது. பஞ்சண்ணை மட்டும் ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்து, அறுக்கும்போது அதோடு கதைப்பார். "காணும் மோனை. நீ பட்டது காணும். போய்ப் படு." போதும் மகனே என்று, போல்ட்டுக்கு ஏதோ பென்சன் கொடுத்து அனுப்புவது போலச் சொல்வார். பட்டறையின் மறுமூலையில் இருந்தாலும் எனக்குக் கேட்கும். நான் சிரிப்பேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு ஐப்பசி. ஊரில் சண்டை பெருத்திருந்தது, தொலைபேசி எடுபடவில்லை. யாராவது கொழும்பு வழியாக வந்தால் அவர் கையில் கடிதம் வரும், அவ்வளவுதான். லண்டனில் இருந்த எங்கள் ஊர் ஆட்கள் எல்லாருடைய முகமும் அந்த மாதம் ஒரே மாதிரித்தான் இருந்தது. ஒருவர் முகத்தை மற்றவர் உற்றுப் பார்க்கவில்லை.

அந்த மாதம் பஞ்சண்ணை சவரம் செய்யவில்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியில் மீன் இல்லை. அவருடைய மீன் குழம்பின் மணத்துக்காகவே வெள்ளைக்காரப் பெடியள் சன்னலைத் திறந்துவைப்பார்கள், இப்போது வெறும் மரக்கறி. கந்தசஷ்டி வந்துகொண்டிருந்தது. ஆறு நாள் விரதம், எங்கள் ஆட்களில் பாதிப்பேர் பிடிப்பார்கள். ஆனால் இவர் அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னரே தொடங்கிவிட்டார்.

"என்ன அண்ணை, முருகனுக்கு அட்வான்ஸோ?" என்று கேட்டேன்.

அவர் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "ஓம், அப்பிடித்தான்" என்றார்.

விரதத்தின் ஆறாம் நாள், சூரன்போர் அன்று, விம்பிள்டன் கோயிலுக்கு ஒவ்வொரு வருடமும் நாங்கள் இரண்டு பேரும் வேலை முடிந்து ஒன்றாகப் போவோம். அன்றைக்குக் கூப்பிட்டேன்.

"நீ போட்டு வா தம்பி. எனக்குக் கால் சரியில்லை."

"காரிலைதானே அண்ணை போறம்."

"இல்லை, நீ போட்டு வா."

நான் போய்விட்டு வந்தேன். அடுத்த நாள் செவ்வாய், விரதம் முடிந்துவிட்டது. கோயிலில் அவருக்கென்று வாங்கிய திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. கையில் எண்ணெய் என்று காட்டினார்.

"அங்கை தட்டிலை வை. பிறகு எடுக்கிறன்."

பஞ்சண்ணை எண்ணெய்க் கையோடு திருநீறு பூசியதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். இருந்தும், கோணமானிப் பெட்டிக்குப் பக்கத்தில் தட்டில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். மத்தியானம் அவருடைய பெட்டியில் அப்போதும் மரக்கறிதான். "விரதம் முடிஞ்சுது அண்ணை, முருகன் இனி மீனுக்குக் கோவிக்க மாட்டார்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

அன்று பின்னேரம் அவர் ஒரு புரொப்பெல்லரைப் பூட்டிக்கொண்டிருந்தார். லண்டனுக்குத் தெற்கே ஒரு விமானத் திடலிலிருந்து தீவுகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றினுடையது. அவசரம் என்று தினமும் தொலைபேசி. மறுமூலையில் வாள் அறுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் குரல் கேட்கவில்லை. ஏதோ குறைகிறது என்று ஒரு கணம் தோன்றியது. தலையை நிமிர்த்தினேன், பிறகு குனிந்துகொண்டேன்.

புதன் காலை பார்க்கவேண்டியது என் முறை. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு தொகுதி எண் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி பிடித்து ஆறையும் வாசித்து, புதுப் போல்ட்டுகள் வந்த பையில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்த்து, பிறகு எழுதவேண்டும். ஐந்து நிமிட வேலை. நான் பையில் இருந்த எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதினேன். தலைகளைப் பார்க்கவில்லை. பதினேழாம் எண் முத்திரையைக் குத்தினேன். புரொப்பெல்லர் வேனில் ஏறிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி தாண்டி, உடைந்த ஒரு வளையத்தைப் போடச் சிவப்புத் தொட்டிக்குப் போனேன். மேலே பன்னிரண்டு துண்டுகள் கிடந்தன. ஆறு போல்ட்டுகள், இரண்டிரண்டாக அறுத்தவை. முலாம் மஞ்சளாக மினுங்கியது. மரையில் ஒரு கீறல் இல்லை. அவை ஒருநாளும் எந்த இடத்திலும் பூட்டப்படாதவை.

புதியவற்றை அறுத்துவிட்டுக் கழுவித் துடைத்த பழையவற்றைத் திரும்பப் பூட்டியிருக்கிறார். அந்த வாரம் அவர் மேசையில் இருந்தது ஒரேயொரு புரொப்பெல்லர்தான்.

உடனே தொலைபேசியிடம் ஓடினேன் என்று உங்களுக்குச் சொல்ல ஆசை. நான் ஓடவில்லை. துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். பிழையான பை வந்து அதை யாராவது வெட்டி எறிந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொன்னேன். ஸ்டோர்க்காரரைப் பேரேட்டைப் புரட்டவைத்தேன், அதில் அப்படி ஒரு பையும் இல்லை. பழைய போல்ட் என்றாலும் இரண்டு நாளில் என்ன ஆகப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் திடலுக்குப் போய் எப்படியாவது மாற்றிவிடலாமா என்றும் யோசித்தேன். பஞ்சண்ணையின் வேலை போய்விடும், அவருடைய பேப்பருக்கு அந்த வேலை வேண்டும், மகன் வரவேண்டும் என்றெல்லாம் அவருக்காக யோசிப்பது போல யோசித்தேன். பாதிக்கு மேல் என் முத்திரையைப் பற்றித்தான் யோசித்தேன். இதெல்லாம் பத்து நிமிடத்துக்குக் குறையாது. அந்தப் பத்து நிமிடத்தை என்னால் யாருக்கும் திருப்பிக் கொடுக்க முடியாது.

பிறகு அவருடைய மேசைக்குப் போய் துண்டுகளைத் தட்டில் வைத்தேன்.

"அண்ணை, இது எந்த புரொப்பெல்லரின்ரை?"

அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மரையை விரலால் தடவினார். அப்படியே ஸ்டூலில் இருந்துவிட்டார்.

"எத்தினை மணிக்கு அது வெளிக்கிடுது?"

"மூண்டு மணிக்கு எண்டு சொன்னவங்கள்."

"நீ எப்ப கண்டனி?"

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழும்பிப் போய் சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்தார். அவருக்குத் தொலைபேசியில் ஆங்கிலம் பேசுவதென்றால் பயம். டொக்டருக்கு எடுக்கவேண்டும் என்றால்கூட என்னைத்தான் கேட்பார். அன்று அவரே பேசினார். விமானத்தை நிறுத்துங்கள், பழைய போல்ட் போட்டுவிட்டேன், நான்தான் போட்டேன், என்ரை பிழை. இதை அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று தரம் திருப்பித் திருப்பிச் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் பரிசோதித்தவர் யார் என்று கேட்டிருக்கவேண்டும். அவர் என்னைப் பார்க்காமல், "நான், நான்" என்றார்.

அப்போதுதான் நான் போய் அவர் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினேன். என் பெயரையும் முத்திரை எண்ணையும் சொன்னேன். இதை ஒரு நல்ல காரியமாக எழுதவில்லை. தாளில் பதினேழு என்று இருந்தது, அவர்கள் எப்படியும் பார்த்திருப்பார்கள்.

விமானத்தை நிறுத்திவிட்டார்கள். ஏழு பயணிகள் பைகளோடு காத்திருந்தார்கள். சிலர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். என்னத்துக்காகக் கோபித்தோம் என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

போர்மன் வேறு கட்டடத்தில் கூட்டத்தில் இருந்தார். அவர் வரும்வரை அவருடைய அறைக்கு வெளியே இரண்டு கதிரைகளில் இருந்தோம். வெளியில் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. நான் கேட்டேன், இத்தனை நாள் கழித்து.

"என்ன அண்ணை நடந்தது? உங்களுக்கு இப்பிடி வராதே."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மூத்தவன் போயிட்டான் தம்பி. ஷெல் குண்டு விழுந்து. கடிதம் கையிலை கிடைக்கேக்கை ஒன்பது நாள் முடிஞ்சுது. எனக்குச் செத்தவீட்டுத் துடக்கு."

நான் கதிரையை அவர் பக்கம் இழுத்தேன்.

"துடக்குக்காரன் கோயில் திருநீறு தொடக்கூடாதெல்லோ. நீ கொண்டுவந்து நீட்டினாய். எனக்கு என்ன சொல்றதெண்டு தெரியேல்லை."

"ஏன் அண்ணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை? எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் லீவு தருவாங்கள். அந்த அறையிலை போய் என்ன செய்யிறது? அலுமாரியைத் திறந்தால் அவன்ரை சட்டை. இஞ்சை வந்தால் கை தன்ரைபாட்டிலை ஓடும் எண்டு நினைச்சன். செவ்வாய்க்கிழமை வாளை எடுத்துக்கொண்டு வழமைபோலை 'போய்ப் படு மோனை' எண்டு சொல்ல வாயெடுத்தனான். ஏலாமல் போச்சு. அதுக்குப் பிறகு எந்தத் தட்டிலை இருந்து எடுத்தன், எதை அறுத்தன் எண்டு எனக்கு ஞாபகமில்லை."

படிகளில் போர்மனின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பஞ்சண்ணை என் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, இதை உள்ளுக்குச் சொல்லாதை. என்ரை பிள்ளையின்ரை சாவைக் காட்டி வேலை கேக்க எனக்கு ஏலாது."

உள்ளே போர்மன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஞ்சண்ணையிடம் கேட்டதற்கெல்லாம், என் பிழை என்ற ஒரே பதில்தான் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். தலைகளை வாசித்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். கடைசியாகக் கேட்டார்: "உன்னோடு வேலை செய்கிறவர். உன் ஊர்க்காரர். இந்த இரண்டு வாரத்தில் அவரிடம் ஏதாவது மாற்றம் கண்டாயா?"

பஞ்சண்ணை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன்.

அவருடைய வேலை அன்றோடு போயிற்று. என் முத்திரையை ஆறு வாரத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓம் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்த வெல்ஷ்காரர் கல்நெஞ்சர் இல்லை. ஒரு மாதம் வீட்டில் இரு என்று சொல்லி வேலையை வைத்திருக்கவும் கூடும். ஆனால் ஒரு தகப்பன் கையைப் பிடித்துக் கேட்டது அது ஒன்றுதான். நான் செய்தது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால், என்னிடம் வந்து சொல்லவேண்டாம், உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இல்லை என்று நான் சொன்னது போர்மனுக்குச் சொன்ன பொய். அதற்கு முதல் இரண்டு வாரமாக எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சவரம் செய்யாத முகம், மீன் இல்லாத சாப்பாடு, கோயிலுக்கு வராதது, திருநீற்றை வாங்காதது. இவற்றை வைத்து இழவு என்று அந்தப் பட்டறையில் எந்த வெள்ளைக்காரனாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதை வாசிக்கத் தெரிந்து அங்கே இருந்தவன் நான் ஒருவன்தான். நான் அவருடைய கை ஓடுகிற வேகத்தைப் பார்த்தேன். அது குறையவில்லை. வயலில் இறக்கிய விமானியைப் பார்த்துச் சிரித்த ஆள் நான்தான்.

திங்கட்கிழமை அந்த புரொப்பெல்லர் திரும்பி வந்தது. கழற்றிய ஆறு பழைய போல்ட்டுகளையும் போர்மன் சோதனைக்குக் கொடுத்தார். காந்தம் ஏற்றி, ஒளிரும் திரவம் ஊற்றி, ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்க்கும் சோதனை. என்னை இருட்டறைக்குள் கூப்பிட்டார். ஐந்து போல்ட்டுகள் சும்மா கிடந்தன. ஆறாவதன் கழுத்தில், தலைக்குக் கீழே, தலைமயிர் அளவில் ஒரு பச்சைக் கோடு எரிந்துகொண்டிருந்தது. வெடிப்பு. அது எத்தனை பறப்புத் தாங்கியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது உடைந்திருந்தால் பிளேட் கழன்று, எஞ்சினையே பிடுங்கிக்கொண்டு போயிருக்கும்.

புதுப் போல்ட்டுகள் பூட்டியபோது போர்மன் பூதக்கண்ணாடியை என் கையில் தந்து, "நீ வாசி, நான் எழுதுகிறேன்" என்றார். முத்திரை இல்லாத நான் ஆறு தலைகளையும் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு எழுத்தாக, பட்டறை முழுவதற்கும் கேட்கும்படி வாசித்தேன். அவர் எழுதித் தன் முத்திரையைக் குத்தினார். அன்றிலிருந்து ஓய்வுபெறும்வரை நான் தலைகளைச் சத்தமாகத்தான் வாசித்தேன். கிழவனுக்குத் தனியே பேசும் வியாதி என்று பிறகு வந்த பெடியள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பஞ்சண்ணை அதற்குப் பிறகு எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலைக்குப் போனார். தொண்ணூறுகளின் நடுவில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். என்னை எந்த விசேஷத்துக்கும் விடாமல் கூப்பிட்டார். ஆனால் நான் இங்கே முடிக்க விரும்புவது, அந்தக் கடிதத்தின் கணக்குப்படி முப்பத்தோராம் நாள் வந்த திங்கட்கிழமையோடு. துடக்குக் கழியும் நாள்.

அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். வரச்சொல்லி அவர் கேட்கவில்லை. ஊரில் மனைவி சடங்குகளைச் செய்விக்க, இங்கே இவர் விடிய எழும்பிக் குளித்து, அறையைக் கழுவி, தனியே சமைத்து, மகனின் படத்துக்கு முன்னால் படைத்திருந்தார். பாஸ்போட்டுக்கு எடுத்த படம். பெரிதாக்கியதில் முகம் கொஞ்சம் கலங்கியிருந்தது. படத்துக்குப் பக்கத்தில் அந்தக் குளிர்ச் சட்டை, கடதாசி பிரித்து மடித்து வைத்திருந்தது. சவரம் செய்திருந்தார். பத்து நாளில் இவ்வளவு வயது போயிருக்கிறதே என்று பார்த்தேன்.

இரண்டு பேரும் தரையில் இருந்து சாப்பிட்டோம். கை கழுவி வந்த பிறகு அவரே கேட்டார்.

"அந்தத் திருநீறு அங்கையே கிடக்குதோ?"

நான் என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கோணமானிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த பொட்டலம்தான், மேலே ஓர் எண்ணெய்ப் பொட்டுப் பட்டிருந்தது. இரண்டு கையாலும் வாங்கினார். பிரித்து நெற்றியில் பூசினார், எனக்கும் பூசிவிட்டார். மிச்சத்தை மடித்து மகனின் படத்தடியில் வைத்தார். மடித்து முடித்தும் அந்தப் பக்கமே திரும்பி இருந்தார்.

"அந்த விமானம் இப்ப பறக்குதோ?"

"ஓம் அண்ணை. போன வியாழனிலை இருந்து."

"போல்ட் ஆர் பாத்தது?"

"நான்தான்."

"தலையை வாசிச்சனியோ?"

"வாசிச்சனான்."

"ஆறையும்?"

"ஆறையும் வாசிச்சனான், அண்ணை."